மதுரை தந்த மாமேதை டி மார்கன்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் மணக்காத தெரு ஏது? மேற்கே மலை, மலைமேல் தோட்டம், தோட்டத்து ஸ்டோரில் உலர்ந்த காய் சாக்குச் சாக்காய் இறங்கி வருவதோ நம்மூருக்கு. இங்கே நம் தாய்மாரும் அக்காமாரும் முறத்தை முன்னே வைத்துக்கொண்டு காயைப் பொறுக்குகிறார்கள். பச்சை நிறம் இருக்க வேண்டும். காயும் பிளவாமல் முழுசாய் இருக்க வேண்டும். இரண்டும் இருந்தால் ஒரு பக்கம், இல்லாவிட்டால் மறு பக்கம். அவர்கள் கை செய்யும் இந்த வேலைக்குக் கணக்கில் ஒரு விதி உண்டு. அவ்விதிக்குத் தம் பெயரைத் தந்தவர் நம் மதுரையில் பிறந்தவர் என்று அறிந்தபோது, அறிவியல் மன்றத்து மாணவியராகிய எங்களுக்கு ஏற்பட்ட வியப்பு கொஞ்சநஞ்சமன்று. அவர்தாம் அகஸ்டஸ் டி மார்கன்.

1806-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் அவர் மதுரையில் பிறந்தார். போடியோ அன்றும், அதன் பின் நெடுங்காலமும், மதுரைச் சீமையைச் சேர்ந்த ஊர்தான். தேனி மாவட்டம் தனியே பிரிந்ததெல்லாம் 1990-களில். ஆகவே அவரை நம் மாவட்டத்துக்காரர் என்று உரிமை கொண்டாட நமக்கும் பாத்தியதை உண்டு. அந்நாளைய மதுரை இன்றைய மதுரையன்று. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சி வந்து ஐந்தாண்டுகளே ஆகியிருந்தன. நாயக்கர் காலத்துக் கோட்டைச் சுவர் ஊரைச் சுற்றி நின்றது; கலெக்டர் பிளாக்பர்ன் காலத்தில் அது இடிபட்டதும், அகழி தூர்ந்த இடத்தில் வெளி வீதிகள் எழுந்ததும் பின்னாளைய கதை. தந்தை ஜான் டி மார்கன் கம்பெனிப் படையில் அதிகாரி. குழந்தை பிறந்து இரண்டு வாரத்தில், ஜூலை 10-ஆம் நாள், வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். தென்னாட்டுப் பாசறைகளெல்லாம் கலங்கியிருந்த நேரம். குழந்தைக்கு ஏழு மாதம் நிறைந்த அளவில் பெற்றோர் அதை எடுத்துக்கொண்டு இங்கிலாந்துக்குக் கப்பலேறினர்.

மதுரை அவருக்குத் தந்தது பிறப்பு மட்டுமன்று. பிறந்த சில நாளிலேயே கண்ணில் நோய் கண்டு, வலக்கண் பார்வை அடியோடு போயிற்று. ஒற்றைக் கண்ணோடுதான் அவர் ஆயுள் முழுதும் படித்தார்.

தந்தை மீண்டும் மீண்டும் இந்தியாவுக்குப் பணிக்கு வந்துபோனார். 1816-இல் தாயகம் திரும்பும் வழியில் செயின்ட் ஹெலினாத் தீவுக்கருகே அவர் இறந்தார். மகனுக்கு அப்போது வயது பத்து. தாய் எலிசபெத்தின் குடும்பத்தில் ஜேம்ஸ் டாட்சன் என்றொரு கணித அறிஞர் இருந்தார். எதிர்மடக்கை அட்டவணை கணித்துப் பெயர் பெற்றவர். ஆனால் கணக்கு வாத்தியார் என்பது அக்குடும்பத்தில் பெருமைக்குரிய உறவாகக் கருதப்படவில்லையாம்! அந்த இரத்தம் பேரப்பிள்ளையிடம் வெளிப்படப்போவதை அவர்கள் அறியார்.

பள்ளிக்கூடத்தில் அகஸ்டஸால் மற்றப் பிள்ளைகளோடு ஓடி விளையாட இயலவில்லை. பார்வையற்ற பக்கத்தில் ஓசைப்படாமல் வந்து, கூரான பேனாக்கத்தியைக் கன்னத்தருகே நீட்டிக்கொண்டு பெயர் சொல்லிக் கூப்பிடுவான் ஒரு தடியன். சட்டென்று திரும்பினால் முனை குத்தும். ஒருநாள் அகஸ்டஸ் காத்திருந்து அவனைப் பிடித்து நன்றாகப் புடைத்தெடுத்தாராம். அடிதடியை நாங்கள் ஆதரிக்கவில்லை. ஆனாலும் இந்த இடத்தைப் படித்தபோது எங்களுள் ஒருவரும் வருத்தப்படவில்லை என்பதை மறைப்பானேன்?

கணக்கில் அவருக்கிருந்த ஆற்றல் தற்செயலாக வெளிப்பட்டது. யூக்ளிடின் வடிவம் ஒன்றை அளவுகோலும் கவராயமும் கொண்டு வெகு சிரத்தையாக அவர் வரைந்துகொண்டிருந்ததைக் குடும்ப நண்பர் ஒருவர் கண்டார். பையன் அதைச் சித்திரமென்றே நினைத்திருந்தான். அதன் பின்னே நிறுவல் என்று ஒன்று உண்டு என நண்பர் எடுத்துச் சொன்னதும், அது போதுமாயிருந்தது. பிறகு பிரிஸ்டல் நகர்த் தேவாலயத்தில், பள்ளிப் பிள்ளைகள் அமரும் பெஞ்சுப் பலகையில், யூக்ளிடின் தேற்றங்களையும் சமன்பாடுகளையும் தம் முதலெழுத்துகளையும் கூர்முனையால் குத்திக் குத்திப் பதித்தார். பிரசங்கம் நீளமாயிருந்திருக்க வேண்டும். நம் வகுப்பு பெஞ்சுகளில் காம்பசால் கிறுக்குவோர் இதைச் சாக்காகக் காட்ட முற்பட்டால், அருட்சகோதரி முதலில் தேற்றத்தை நிறுவச் சொல்வார்.

1823-இல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரியில் சேர்ந்தார். பாடத்துக்குப் புறம்பாகப் படித்ததே அதிகம். புல்லாங்குழல் அருமையாக வாசிப்பார். 1827-ஆம் ஆண்டு கணிதத் தேர்வில் நான்காம் இடமே கிடைத்தது. போட்டித் தேர்வுக்கென்று மனப்பாடம் செய்யும் முறையில் அவருக்கு ஏற்பட்ட வெறுப்பு இறுதிவரை மாறவில்லை.

அடுத்துத்தான் சோதனை வந்தது. எம்.ஏ. பட்டமோ கல்லூரியில் நிலையான பதவியோ பெற வேண்டுமானால், ஆங்கிலத் திருச்சபையின் கொள்கைகளை ஒப்புக்கொண்டு கையொப்பமிட வேண்டும் என்பது கேம்பிரிட்ஜின் அந்நாளைய சட்டம். கத்தோலிக்கர், யூதர், பிரிவினைச் சபையினர் எவருக்கும் அங்கே பட்டமில்லை. டி மார்கன் அத்திருச்சபையில் பிறந்து வளர்ந்தவர்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் வாழ்க்கை முழுதும் கவலையில்லை. தாயோ அவர் குருவாக வேண்டும் என்றே ஆசைப்பட்டவர். ஆயினும் மனச்சான்றைப் பட்டத்துக்கு விலையாகக் கொடுக்க அவர் இசையவில்லை. எம்.ஏ. வேண்டாமென்று விட்டு வெளியேறினார்.

அப்போது லண்டனில் எந்த மதத்தாரும் படிக்கலாம் என்னும் கொள்கையோடு ஒரு புதிய கல்லூரி எழுந்துகொண்டிருந்தது. 1828-இல் அதன் முதற் கணிதப் பேராசிரியராக டி மார்கன் தேர்ந்தெடுக்கப்பட்டார். வயது 21! மூன்றாண்டில் அந்த வேலையையும் விட்டார். உடற்கூற்றுப் பேராசிரியர் ஒருவரைத் தக்க காரணம் காட்டாமல் நிர்வாகம் நீக்கிவிட்டது; ஓர் ஆசிரியருக்கு இழைத்த அநீதி எல்லா ஆசிரியருக்கும் இழைத்ததே என்று சொல்லிப் பதவியைத் துறந்தார். ஐந்தாண்டு கழித்து, அவரிடத்தில் வந்த பேராசிரியர் நீரில் மூழ்கி இறந்துபோக, மாணவர் பாடம் நின்றுவிடக் கூடாதென்று தாமே உதவ முன்வந்தார்; 1836-இல் பதவி மீண்டும் அவருக்கே வந்தது. பிறகு முப்பதாண்டு அங்கேதான்.

மறு ஆண்டு சோஃபியா ஃபிரெண்ட் என்னும் அம்மையாரை மணந்தார். இவருடைய தந்தையும் சமயக் கருத்து காரணமாகக் கேம்பிரிட்ஜிலிருந்து விலக்கப்பட்டவரே. மாமனாரும் மருமகனும் பேசிக்கொள்ள விஷயத்துக்குப் பஞ்சமிருந்திராது.

ஆசிரியர் என்ற முறையில் அவரை நினைத்தால் நமக்கு ஏக்கம் உண்டாகிறது. விதியை ஒப்பிக்கச் சொல்லமாட்டார். அது ஏன் வந்தது என்று கேட்பார். பரிசுக்காகவும் மதிப்பெண்ணுக்காகவும் படிப்பதை அவர் வகுப்பில் மதிப்பதில்லை. ஒரு கலைக்களஞ்சியத்துக்கு மட்டும் எழுநூற்றுக்கு மேற்பட்ட கட்டுரைகள் எழுதினார். வேடிக்கைக் கணக்கென்றால் உயிர். வயதைக் கேட்டால், எக்ஸ் வர்க்கம் என்னும் ஆண்டில் எனக்கு எக்ஸ் வயது என்பார். (43-ஐ 43-ஆல் பெருக்கினால் 1849. அவர் பிறந்தது 1806. கூட்டிப் பாருங்கள்.) 1852-இல் ஒரு மாணவர் வந்து, எந்த நிலப்படத்தையும் அடுத்தடுத்த நாடுகளுக்கு ஒரே நிறம் வராமல் தீட்ட நான்கு நிறம் போதுமா என்று கேட்டார். ஆசிரியருக்கு விடை தெரியவில்லை. அன்றைக்கே டப்ளினிலிருந்த பெரிய கணித அறிஞர் ஹாமில்டனுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். அதற்கு விடை கிடைக்க 1976 வரை உலகம் காத்திருக்க நேர்ந்தது. கணினியின் துணையும் வேண்டியிருந்தது.

பெண்கல்விக்கும் அவருக்கும் உள்ள தொடர்பைச் சொல்லாமல் விட்டால் நம் பள்ளி மலருக்கு அழகாகாது. பைரன் கவிஞரின் மகள் அடா லவ்லேஸ் சீமாட்டிக்கு 1840 முதல் கடிதங்கள் வழியே உயர்கணிதம் கற்பித்தவர் டி மார்கன்தான். அதே அடா 1843-இல் பாபேஜின் பகுப்புப் பொறியைப் பற்றி எழுதிய குறிப்புகளுக்காக இன்று கணினி உலகம் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறது. ஆனால் ஒன்று. இத்தகைய மாணவியைக் கண்டும், ஆழ்ந்த கணிதச் சிந்தனையைப் பெண்ணின் உடல்வலிமை தாங்குமோ என்னும் ஐயத்தை அடாவின் தாயாருக்கு அவர் எழுதினார். அவள் திறமையைப் புகழ்ந்த அதே கடிதத்தில்தான். மேதைகளும் தம் காலத்துத் தூசியைத் தட்டிவிட்டு வெளியே வருவது கடினம்போலும்! எங்களுக்கு இது பிடிக்கவில்லை. ஆகவே மறைக்கவும் இல்லை. எனினும் 1849-இல் லண்டன் பெட்ஃபோர்டு சதுக்கத்தில் பெண்களுக்கென ஓர் உயர்கல்விக் கூடம் தொடங்கியபோது, முதல் ஆண்டிலேயே அங்கே சென்று கணிதம் கற்பித்தவரும் அவரே. லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் தர முன்வந்ததோ 1878-இல்தான்.

நம் நாட்டவர் ஒருவருக்கும் அவர் செய்த உதவியை நன்றியோடு குறிக்க வேண்டும். தில்லிக் கல்லூரி ஆசிரியர் ராமசந்திரா, பெருமம் சிறுமம் காணும் கணக்குகளை நுண்கணிதத்தின் துணையின்றியே செய்யும் முறை ஒன்றை நூலாக எழுதி, 1850-இல் கல்கத்தாவில் சொந்தச் செலவில் அச்சிட்டார். இங்கே கேலியே மிஞ்சியது. கல்கத்தாவில் பெண்கள் பள்ளி நிறுவிய பெத்யூன் துரை, அதன் படிகளை டி மார்கனுக்கு அனுப்பினார். படித்த டி மார்கன் கம்பெனி இயக்குநர்களிடம் விடாமல் வாதாடி, 1859-இல் லண்டனில் அந்நூல் மறுபதிப்பாக வரச் செய்தார். இந்தியரின் கணிதத் திறனைப் போற்றி நீண்ட முன்னுரையும் எழுதினார். 1857-இன் கலகம் முடிந்து, இங்கிலாந்தில் இந்தியர் என்றாலே சினம் கொதித்த சமயம் அது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி அவருடைய தருக்கவியலுக்கு வருவோம். 1847-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் டி மார்கனின் தருக்க நூலும், அவர் நண்பர் ஜார்ஜ் பூல் எழுதிய தருக்க நூலும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் வெளிவந்தன. அரிஸ்டாட்டில் காலந்தொட்டு வாக்கியமாகவே இருந்த தருக்கம், அன்றிலிருந்து அல்ஜீப்ராவைப் போலக் குறியீடுகளால் கையாளத்தக்கதாயிற்று. டி மார்கன் விதிகள் என வழங்கும் இரண்டும் முற்றிலும் புதியன அல்ல. 14-ஆம் நூற்றாண்டிலேயே ஆக்கம் ஊர் வில்லியம் என்னும் பிரான்சிஸ்கன் சபைத் துறவி அவற்றைச் சொற்களில் எழுதியிருக்கிறார். குறியீட்டுத் தருக்கத்துக்குள் அவற்றைக் கொணர்ந்தவர் டி மார்கன்.

முறத்துக்கே திரும்புவோம். நல்ல காய் என்பது பச்சையாகவும் முழுசாகவும் இருப்பது. அப்படியானால் கழிவு எது? பச்சையாக இல்லாததும் முழுசாக இல்லாததும் என்று புதிதாக வந்த பிள்ளை நினைத்துக்கொண்டால் என்ன ஆகும்? வெளுத்ததும் பிளந்ததுமான காயை மட்டும் கழித்துவிட்டு, வெளுத்த முழுக்காயையும் பிளந்த பச்சைக்காயையும் நல்லதோடு விட்டுவிடுவாள். மூட்டையின் மதிப்பு கெடும். சரியான விதி, பச்சையாக இல்லாவிட்டாலோ, அல்லது முழுசாக இல்லாவிட்டாலோ கழிக்க வேண்டும் என்பது. அதாவது, மறுக்கும்போது உம் என்பது அல்லது ஆகிவிடுகிறது. இது முதல் விதி.

இரண்டாம் விதி இதன் கண்ணாடி நிழல். போடிமெட்டுச் சாலையில் பெருமழை பெய்தாலோ மண் சரிந்தாலோ விடியற்காலையில் ஆள் ஏற்றும் ஜீப் மலையேறாது. ஏறுவது எப்போது? மழையும் இல்லாமல், சரிவும் இல்லாமல் இருக்கும்போது. மறுத்ததும் அல்லது என்பது உம் ஆகிவிட்டது. இவ்வளவுதான் டி மார்கன் விதிகள்!

இவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்கியவர்கள் எங்கள் மன்றத்திலும் இருந்தார்கள். ஆனால் 1937-இல் அமெரிக்காவில் கிளாட் ஷானன் என்னும் இளைஞர், பூலும் டி மார்கனும் கண்ட இந்தத் தருக்கத்தைச் சுவிட்சுகளாலும் ரிலேக்களாலும் செய்துகாட்டலாம் என்று தம் ஆய்வேட்டில் நிறுவினார். மின்னழுத்தம் இருந்தால் 1, இல்லையேல் 0. இரண்டும் 1 ஆனால் மட்டும் 1 தருவது உம் வாயில், அதாவது ஆண்ட் கேட். ஏதேனும் ஒன்று 1 ஆனாலும் 1 தருவது அல்லது வாயில், ஆர் கேட். தலைகீழாக்குவது நாட் கேட். ஆண்ட் வாயிலின் விடையைத் தலைகீழாக்கினால் நாண்ட் கேட். இந்த நாண்ட் ஒன்றைக் கொண்டே மற்ற எல்லாவற்றையும் செய்துவிடலாம். அதன் இரு உள்வழிகளையும் சேர்த்துக் கட்டினால் நாட். இரண்டு உள்வழிகளையும் முதலில் தலைகீழாக்கிப் பிறகு நாண்டுக்குள் விட்டால், டி மார்கன் விதிப்படி, அது ஆர். இன்று போடியில் ஏலக்காய்க்குக் கணினி வழியே ஏலம் கேட்கிறார்களே, அந்தக் கணினிக்குள் இருப்பதும் இத்தகைய வாயில்களின் பெருங்கூட்டமே.

எங்கள் கண்காட்சிக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது ஹாம் வானொலி. மலைமுகட்டில் நின்று 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசினால், குறைந்த ஆற்றலிலேயே கீழே சமவெளியில் வெகுதூரம் எட்டும். மழையில் தொலைபேசி அறுந்த நாளில் இதன் அருமை தெரியும். உரிமம் இன்றி ஒலிபரப்புவது குற்றமாதலால் நாங்கள் செய்தது மாதிரி மட்டுமே. ஆன்டெனா மாட்டாமல் ஒலிபரப்பினால் ஆற்றல் வெளியேற வழியின்றித் திரும்பி வந்து டிரான்ஸிஸ்டரைச் சுட்டுவிடும். குளிர்விக்கும் விசிறி ஓடாவிட்டாலும் ஆபத்து. ஆகவே ஆன்டெனாவும் இருந்து, விசிறியும் ஓடினால்தான் ஒலிபரப்ப அனுமதி. ஆன்டெனா இல்லாவிட்டாலோ விசிறி ஓடாவிட்டாலோ சிவப்பு விளக்கு எரிய வேண்டும். அப்படியே ஏலக்காய்க் கணக்கு!

7400 என்னும் ஐ.சி.யை வாங்கினோம். பதினான்கு கால், ஏழாவது கால் தரை, பதினான்காவது கால் 5 வோல்ட், உள்ளே நான்கு நாண்ட் வாயில்கள். ஆன்டெனாவைச் செருகினால் மூடிக்கொள்ளும் சிறு சுவிட்ச் ஒன்று, விசிறிக்கு மற்றொன்று. மூடியதும் 5 வோல்ட் உள்ளே போகும்படி கட்டி, எல்லாம் சரி என்று நிமிர்ந்தோம். பெற்றோர் முன்னிலையில் இயற்பியல் அருட்சகோதரி ஆன்டெனாவைப் பிடுங்கினார். சிவப்பு விளக்கு எரியவே இல்லை. பச்சை விளக்கு எங்களைப் பார்த்துச் சிரித்தது. உண்மையான கருவியாயிருந்தால் அப்போதே புகைந்திருக்கும்.

காரணம் பிறகுதான் விளங்கியது. இந்த வகை ஐ.சி.யில் எங்கும் இணையாமல் தொங்கும் உள்வழி 0 ஆகாது. 1 என்றே எடுத்துக்கொள்ளும். அறுந்த கம்பியை ஆன்டெனா இருக்கிறது என்று அது நம்பிவிட்டது. ஆகவே மாற்றிக் கட்டினோம். ஒவ்வொரு உள்வழியையும் ஆயிரம் ஓம் தடை வழியாக 5 வோல்ட்டோடு இணைத்து, சுவிட்ச் மூடினால் தரையைத் தொடும்படி செய்தோம். இப்போது 1 என்றால் இல்லை என்று பொருள். கம்பி அறுந்தாலும் 1, அதாவது ஆபத்து. முதல் இரண்டு வாயில்கள் இந்த இல்லைகளை உண்டு என்று திருப்புகின்றன. மூன்றாவது வாயில் இரண்டையும் வாங்கி, ஏதேனும் ஒன்று குறைந்தால் ஆபத்து என்கிறது. நான்காவது அதைத் திருப்பி அனுமதி தருகிறது. சிவப்பு விளக்கை 5 வோல்ட்டிலிருந்து 330 ஓம் தடையோடு இந்த நான்காவது வாயிலின் வெளிவழிக்குக் கட்டினோம். அனுமதி இல்லாதபோது அது 0 ஆகி விளக்கை எரியவிடும். நான்கு வாயிலும் சரியாக செலவாயின, ஒன்றுகூட மிஞ்சவில்லை. தாளில் டி மார்கன் விதியை எழுதிப் பார்த்தே இதைக் கண்டோம்; அந்த மாலை எங்களுக்கு மறக்காது.

டி மார்கனின் கடைசி ஆண்டுகள் துயரமானவை. 1865-இல் லண்டன் கணிதக் கழகம் பிறந்தது. அதைத் தொடங்கிய இரு இளைஞருள் ஒருவர் அவர் மகன் ஜார்ஜ். முதல் தலைவர் தந்தையே. ஆனால் மறு ஆண்டு கல்லூரியில் தருக்கவியல் பேராசிரியர் பதவி காலியானது. மிகத் தகுதியான ஜேம்ஸ் மார்ட்டினோ, ஒரு குறிப்பிட்ட சபையின் போதகர் என்பதற்காகவே ஒதுக்கப்பட்டார். மதம் பார்ப்பதில்லை என்னும் சொல்லை நம்பித்தானே டி மார்கன் அங்கே வந்தார்? ஓய்வுக்காலம் நெருங்கிய அறுபது வயதில் இரண்டாம் முறையாகப் பதவியை உதறினார். பழைய மாணவர் அவருடைய உருவத்தைச் செய்து கல்லூரியில் வைக்க விரும்பியபோது, தாம் பணி செய்த கல்லூரி இப்போது இல்லை என்று கூறி மறுத்துவிட்டார். பிடிவாதம் என்று சிலர் சொல்லக்கூடும். மனைவி மக்களை வைத்துக்கொண்டு இப்படிச் செய்யலாமா என்று எங்களுள் ஒருத்தி கேட்டாள். அந்தக் கேள்விக்கு நாங்கள் இன்னும் ஒருமனப்படவில்லை.

1867-இல் ஜார்ஜ் காசநோயால் இறந்தார். 1870-இல் மகள் கிறிஸ்டியானாவும் போய்ச் சேர்ந்தாள். தந்தை தேறவில்லை. 1871 மார்ச் 18-ஆம் நாள் கண்மூடினார். அவர் கையெழுத்திட மறுத்த அந்தச் சமயச் சோதனையைக் கேம்பிரிட்ஜிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் நீக்கும் சட்டம் அதே ஆண்டு ஜூன் மாதம் நிறைவேறியது. மூன்று மாதம்!

அவர் பழைய புத்தகக் கடைகளில் தேடிச் சேர்த்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்கள் லண்டன் பல்கலைக்கழக நூலகத்துக்குச் சென்றன. மகன் வில்லியம் வண்ண ஓடுகள் செய்வதில் பெரும்புகழ் பெற்றார். மகள் மேரி குழந்தைகளுக்குத் தேவதைக் கதைகள் எழுதினார். கடைசியில் எகிப்து நாட்டில் சிறுமியர் சீர்திருத்த இல்லம் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தபோது 1907-இல் அங்கேயே இறந்தார். மனைவி சோஃபியா 1882-இல் வெளியிட்ட வரலாற்றிலிருந்துதான் பேனாக்கத்திக் கதையெல்லாம் உலகுக்குத் தெரியவந்தது.

இங்கிலாந்தில் வாழ்ந்தாலும் தம்மை எந்த நாட்டையும் சேராதவர் என்றே அவர் வேடிக்கையாகச் சொல்லிக்கொள்வார். இந்தியாவில் பிறந்ததுதான் காரணம். ஏழாம் மாதத்தில் விட்டுச்சென்ற மதுரையை மறுபடி அவர் பார்க்கவில்லை. அவர் பெயரால் கணிதக் கழகம் 1884 முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை பதக்கம் வழங்குகிறது. அதைப் பெற்ற முதல் பெண்மணி மேரி கார்ட்ரைட், ஆண்டு 1968. வானொலி வால்வுச் சுற்றுகள் ஏன் சில வேளை தாறுமாறாக நடக்கின்றன என்று 1938-இல் அரசின் வானொலி ஆராய்ச்சியாளர் கேட்ட கேள்வியை எடுத்துக்கொண்டு, புதிய கணிதத்தைக் கண்டவர் அவர்.

எங்கள் 7400 சுற்று ஆய்வகத்து இரண்டாம் அலமாரியில், பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் இருக்கிறது. விசிறி சுவிட்சின் ஒரு கம்பி கழன்றிருப்பதால் இப்போதைக்குச் சிவப்பு விளக்கு மட்டுமே எரிகிறது. ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் அருட்சகோதரியிடம் சொல்லிவிட்டுப் பற்றவைத்துக்கொள்ளலாம்.